பட்டறைச் சத்தம்

“பத்து வருஷமா சரியான தூக்கமே இல்ல டாக்டர். வீட்டுக்கு எதிர்லயே இரும்புப் பட்டறை. கண்ணை மூடினா டங்கு டங்குன்னு மண்டையில அடிக்குது. பிள்ளைங்க மேல சும்மா சும்மா எரிஞ்சு விழறேன்.”

ஊருக்குப் புதிதாக வந்திருந்த டாக்டருக்குக் கோபம் வந்தது. அந்தத் தெருவிலிருந்து இதே புகாரோடு வரும் ஆறாவது ஆள் இந்தத் தையல்காரி.

“உங்களுக்கு எதுக்கும்மா மாத்திரை? பட்டறையை மூடச் சொல்லி நகராட்சிக்கு நானே எழுதுறேன்.”

நர்ஸ் தயங்கினாள். “சார், அதைப் பூட்டி எட்டு மாசமாச்சு.”

டாக்டரின் பேனா நின்றது.

தையல்காரி தலையைக் குனிந்துகொண்டாள். “பூட்டின அன்னிக்குத் தெருவே கைதட்டுச்சு டாக்டர். ஆனா சத்தம் மட்டும் யாருக்கும் நிக்கல. சொன்னா பைத்தியம்னு எழுதிடுவீங்களோன்னுதான் ஆறு பேருமே மறைச்சுட்டோம்.”