ஏழாவது மாடிக் கடை

“லிஃப்ட்லதானே வந்தீங்க சார்? போன மாசம் வரைக்கும் உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டுத்தான் ஏறுவோம். இப்ப ஒரு ஆட்டம் கிடையாது” என்றபடி, கம்பியை இழுத்து வீட்டிலேயே உடற்பயிற்சி செய்ய உதவும் கேபிள் மெஷின்களில் விலை உயர்ந்ததன் முன்னால், மனைவியோடு வந்திருந்த கணவனைக் கொண்டுபோய் நிறுத்தினார் விற்பனையாளர்.

பின்னால் வந்த மனைவி அதன் கம்பியை மெல்ல இழுத்து விட்டாள். “கப்பி பிளாஸ்டிக். இது தேஞ்சா கம்பி நார் நாராப் பிரிஞ்சுடும்.”

“கையில கிரீஸ் ஒட்டிக்கும் மேடம். சார் பார்த்துக்குவார்.”

கணவன் விலைச்சீட்டைத் திருப்பிப் பார்த்தான்.

மூலையில் பாதி விலைக்கு ஒரு மெஷின் கிடந்தது. அவள் அதன்முன் மண்டியிட்டாள், கப்பியைச் சுழற்றிக் காது வைத்துக் கேட்டாள். “இதுல பேரிங் இருக்கு. கம்பியும் நேரா ஓடுது. நமக்கு இது போதும்.”

விற்பனையாளரின் முகம் தொங்கிப்போனது. கணவனின் காதருகே குனிந்தார். “கம்பி சமாச்சாரம் சார். அறுந்தா ஆபத்து. மேடம் பேச்சை நம்பியா எடுக்கப் போறீங்க?”

“நீங்களும் அவளை நம்பித்தானே தினமும் ஏழு மாடி ஏறி வர்றீங்க” என்றான் கணவன், கடை முழுக்கக் கேட்கும்படி. “போன மாசம் உங்க லிஃப்டுக்குக் கம்பி மாத்துனது என் வீட்டுக்காரிதான்.”