விளிம்பு

எடின்பரோவின் செயற்கைப் பனிச்சறுக்குச் சரிவின் அடியில், வாடகைச் சறுக்குப் பலகைகள் அடுக்கிய கொட்டகை வாசலில் ரோனா மூன்றாவது ஜோடியைக் கழற்றி எறிகிறாள். தூறலில் நனைந்த பிளாஸ்டிக் பாய், மல்லாத்திப் போட்ட பெரிய பிரஷ்போல மேலே வரைக்கும் மினுங்குகிறது. முழங்கால் அறுவை சிகிச்சைக்குப் பிறகு இன்றுதான் ஏறினாள்; ஒவ்வொரு ஜோடியிலும் முதல் திருப்பத்திலேயே வழுக்கி விழுந்தாள். உள்ளங்கை எரிகிறது. “இதுல பாயைக் கவ்வுற விளிம்பே இல்ல ஃபெர்கஸ், எல்லாம் மழுங்கிப்போச்சு.” பழைய கிளப் தோழனான கொட்டகைக்காரன் சிரிப்பை அடக்குகிறான். “இன்னும் குட்டையா தரட்டுமா?” “எதை, குழந்தைங்களுக்குக் குடுக்கிறதையா?” “அப்ப டிக்கியில இருக்கிற உன் புதுசை எடு.” “அது பனிக்கு வாங்கினது. இங்க ஒரே நாள்ல அடி தேய்ஞ்சுரும்.” “பனிக்கு எப்போ போற?” ரோனா பலகைகளைப் பார்த்தபடி நிற்கிறாள். “டாக்டர் இந்த வருஷம் வேண்டாம்னுட்டார்,” என்கிறாள். பிறகு காருக்குப் போய், இதுவரை பிரிக்காத உறையைக் கிழித்து, புது ஜோடியைத் தூக்கிக்கொண்டு, யாரையும் பார்க்காமல் மேலேறுகிறாள். முதல் திருப்பம். பல் கூசும் சத்தத்தோடு பளபளப்பான அடிப்பாகம் பிளாஸ்டிக்கில் உரசுகிறது. ஃபெர்கஸ் முகத்தைச் சுளிக்கிறான். விளிம்பு பிடிக்கிறது. அவள் அடுத்த திருப்பத்துக்குச் சாய்கிறாள்.