கடைசிச் செவ்வாய்

கற்பிட்டியில் ஸுல்பிகா டீச்சரிடம் பதினோராம் தரத்தில் கணினிப் பாடம் படித்த முஃப்லிஹா, நோன்பு விடுமுறையில் டெங்குக் காய்ச்சல் வந்து மௌத்தாகிப் போனாள். வரவு இடாப்பில் அவள் பெயரை வெட்டிய டீச்சருக்கு, கணினியில் இருந்த அவளுடைய கோப்புறையை அழிக்க மட்டும் கை வரவில்லை.

விடுமுறை முடிந்து முதல் செவ்வாய், வகுப்பு கலைந்ததும் அந்தக் கோப்புறையைத் திறந்து பார்த்தார். அன்று கொடுத்த பயிற்சி அதற்குள் செய்யப்பட்டிருந்தது. மறுநாள் பிள்ளைகளை ஏசினார்.

"வல்லாஹி டீச்சர், நாங்க தொடவே இல்ல," என்று முஃப்லிஹாவின் பக்கத்துக் கதிரைக்காரி ஸம்ஹா அழுதாள்.

டீச்சர் கடவுச்சொல்லை மாற்றினார். ஒருவருக்கும் சொல்லவில்லை. அடுத்த செவ்வாயும் பயிற்சி இருந்தது.

பிறகு அவர் யாரையும் கேட்கவில்லை. மற்றப் பிள்ளைகளுடையதைப் போல அதையும் திருத்திப் புள்ளி போட்டார். முஃப்லிஹாவின் உம்மாவைக் கடைத்தெருவில் கண்டபோது சொல்ல வாயெடுத்து, ஸலாம் மட்டும் சொல்லிவிட்டு வந்தார்.

நவம்பரில் பாடத்திட்டம் முடிந்தது. இனிப் பரீட்சைதான். வகுப்பு நின்றால் இதுவும் நின்றுபோகும் என்று டீச்சர் பயந்தார். கடைசிச் செவ்வாய், கரும்பலகையில் பத்தாம் தரத்தின் முதலாம் அலகை எழுதினார். பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பிறகு கொப்பியில் எழுதிக்கொண்டார்கள்.

மணி அடித்த பின் பார்த்தால், கோப்புறையில் பயிற்சி இல்லை. ஒரேயொரு வரி இருந்தது.

"டீச்சர், இது படிச்சு முடிச்ச பாடம்தானே?"

"ஓம் மகள்," என்று அதன் கீழே தட்டிவிட்டு, டீச்சர் கணினியை அணைக்காமல் எழுந்து போனார்.