சின்னத்துரையின் பேரன்

மரக்கடைக்காரர் தன் தாத்தாவை இரண்டு கைகளாலும் தூக்கிக்கொண்டு படியேறினார். கண்ணாடி போட்ட பெரிய படம் அது. தொப்பி, முறுக்கு மீசை, நெஞ்சு கொள்ளாத பதக்கங்கள் என்று எதற்கும் குறைவில்லை. தாத்தாவின் புகைப்படம் ஒன்றுகூட வீட்டில் இல்லாததால், ஓவியருக்கு முன்னால் தொப்பி மாட்டிக்கொண்டு உட்கார்ந்தவர் பேரன்தான்.

பின்னாலேயே தையல்காரரும் வந்தார். அவரிடம் படம் இல்லை. புதுச்சட்டை மட்டும் மொடமொடவென்று போட்டிருந்தார்.

இருவருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு விழித்தவர் சரித்திர டீச்சர். ஊர் நடுவே இருக்கிற போர் நினைவுக்கல்லில் ஒன்பது பெயர்கள் உண்டு. அவர்கள் யார், எந்த வீட்டுப் பிள்ளைகள் என்று ஒரு வருடமாக வீடு வீடாக அலைந்து எட்டுப் பேரின் கதையைத் தேடிப் பிடித்துவிட்டார்.

ஒன்பதாவது பெயரான சின்னத்துரை மட்டும் பிடிகொடுக்கவே இல்லை. மற்றவர்களுக்கெல்லாம் பெயருக்கு முன்னால் இனிஷியல் இருந்தது, இவருக்கு அதுவும் இல்லை. கல்லில் இடம் போதவில்லை போலிருக்கிறது என்று டீச்சர் விட்டுவிட்டார்.

அப்படியாவது யாராவது வரட்டும் என்று, வரும் ஞாயிற்றுக்கிழமை புதுப்பித்த கல்லின் திரையைச் சின்னத்துரையின் வாரிசுதான் விலக்க வேண்டும் என்று விழாக் கமிட்டி அறிவித்தது. மறுநாளே இரண்டு பேரன்கள் முளைத்துவிட்டார்கள்.

தையல்காரருக்கு மேடையில் ஒரு நாற்காலி கிடைத்தால் போதும். மரக்கடைக்காரர் விஷயம் வேறு. சின்னத்துரை என்ற அவருடைய தாத்தா கட்டிய மனைவியை விட்டுவிட்டு யாரோ ஒருத்தியோடு ஓடிப்போனவர் என்பது ஊரறிந்த பேச்சு. 'ஓடிப்போனவர் பேரன்' என்ற பட்டம் பள்ளிக்கூடத்தில் ஒட்டியது, தலை நரைத்த பிறகும் உதிரவில்லை. தாத்தா ஓடவில்லை, போருக்குத்தான் போனார் என்று ஆகிவிட்டால் மனுஷர் தலை நிமிர்ந்து நடப்பார்.

கல்லில் பெயர் உள்ளவர்கள் இருந்த படையில் இன்னும் உயிரோடு இருப்பவர் ஒரே ஒரு சிப்பாய்தான். பக்கத்து ஊரில் மகள் வீட்டோடு இருந்த அவரை டீச்சர் போன வாரம்தான் கண்டுபிடித்தார். இப்போது எல்லோரும் அந்த வீட்டுப் படியேறி வந்து அவருடைய கட்டிலைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள்.

"ஐயா, சின்னத்துரையை ஞாபகம் இருக்கா?" என்று கேட்டார் டீச்சர்.

சிப்பாயின் முகம் மலர்ந்தது. "அவனை மறப்பேனா! மலைமேல எங்களுக்கெல்லாம் அவன்தாம்மா தெம்பு. நாலு ஆளு தூக்குற சுமையைத் தனியா தூக்கிட்டு ஏறுவான்."

"எங்க பரம்பரையே மரம் தூக்குற பரம்பரை!" என்றார் மரக்கடைக்காரர்.

"ஆனா சரியான பிடிவாதக்காரன். அவனுக்கா தோணலைன்னா, கேப்டனே வந்து கத்தினாலும் ஓரடி நகர மாட்டான்."

"இவரும் அப்படித்தாங்க. கல்யாணமான நாள்லேருந்து பார்த்துக்கிட்டுதானே இருக்கேன்" என்றாள், படத்துக்கு மாலையோடு வந்திருந்த மரக்கடைக்காரரின் மனைவி. வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் அவளை நன்றியோடு பார்த்தார்.

தையல்காரருக்கு வயிறு எரிந்தது. "கோபம் வருமாங்க அவருக்கு?"

"வருமாவா? கேப்டனையே எட்டி உதைச்சிருக்கான். அதுக்கப்புறம் ரொம்ப நாளைக்கு அவரு நின்னுக்கிட்டேதான் சாப்பிட்டாரு."

"எங்கப்பாவும் உதைப்பாரு!" தையல்காரர் துள்ளி எழுந்தார். "தழும்பு இன்னும் இருக்கு. காட்டட்டுமா?"

"வேண்டாம், வேண்டாம்" என்றார் டீச்சர் அவசரமாக.

சிப்பாயின் குரல் இறங்கியது. "குண்டு விழுந்தப்ப எல்லாரும் ஓடிட்டாங்கம்மா. அவன் மட்டும் நின்ன இடத்துலயே நின்னான். கால்ல அடிபட்டுக் கிடந்த என்னை முதுகுல சுமந்து மலையிறக்கினது அவன்தான். மறுநாள் தண்ணி கொண்டு மேல போனவன் திரும்பி வரல. அவன் பேரையும் கல்லுல போட்டே ஆகணும்னு மிச்சமிருந்த நாங்க சண்டை போட்டோம்."

மரக்கடைக்காரர் படத்தைக் கட்டிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார்.

"கேட்டீங்களா டீச்சர்? ஓடலை! எங்க தாத்தா ஓடலை!"

"எங்க தாத்தா" என்று திருத்தினார் தையல்காரர், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

"யோவ், படத்தைப் பாருய்யா! அந்த மூக்கு யாரு மூக்கு?"

"உன் மூக்கை வரைஞ்சா உன் மூக்கு மாதிரிதான் இருக்கும்!"

ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள். புதுச்சட்டையில் ஒரு பொத்தான் தெறித்தது. டீச்சர் குறுக்கே புகுந்து கையெடுத்துக் கும்பிட்டார்.

"ஐயா, நீங்களே ஒரு முடிவு சொல்லிடுங்க. நீங்க சொன்னா ரெண்டு பேரும் கேட்டுக்குவாங்க. இவங்கள்ல யாரு சின்னத்துரையோட பேரன்?"

சிப்பாய் மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டினார். மரக்கடைக்காரரைப் பார்த்தார், தையல்காரரைப் பார்த்தார். மீசை முறுக்கிய படத்தை மேலும் கீழுமாக வெகுநேரம் பார்த்துவிட்டு, ஒன்றும் புரியாமல் டீச்சர் பக்கம் திரும்பினார்.

"கோவேறு கழுதைக்கு ஏதும்மா பேரன்?"