பூச்சியின் கால்

காட்டில் அந்துப்பூச்சிப் பொறி கட்டப் போன அவள் கணவன் காணாமல் போய் நாற்பது நாளாகிறது. அவன் கட்டிய பொறிகளில் விழுந்த பூச்சிகள் மட்டும் அவளுடைய ஆய்வகத்துக்கு வந்தன. உள்ளூர் இனமா, அந்நிய இனமா என்று அறிய ஒன்றின் காலைப் பிய்த்து டிஎன்ஏ பார்த்தாள். மனிதன் என்று வந்தது.

“உன் கை பட்டிருக்கும்மா. அந்நியப் பூச்சின்னா நாளைக்கே காட்டுக்கு மருந்தடிக்கணும்,” என்றார் அதிகாரி.

மூன்று முறை பார்த்தாள். அது அவளுடையதல்ல. தாயிடமிருந்து பிள்ளைக்கு அப்படியே இறங்கும் டிஎன்ஏ அது. மாமியாரிடம் பஞ்சுக்குச்சியை நீட்டினாள்.

“என் எச்சில் எதுக்குடி?”

எழுத்துக்கு எழுத்து பொருந்தியது.

“நம்ம காட்டுப் பூச்சிதான் சார். மருந்து வேண்டாம் சார்,” என்று அதிகாரியிடம் கெஞ்சினாள்.

“மருந்து லாரி கிளம்பிடுச்சேம்மா.”

மேசைமேல் வலைக்கூண்டில் உயிருள்ள பூச்சிகள் இருந்தன. விளக்கு மறுபக்கம் எரிந்தது. ஒன்றுகூட அங்கே போகவில்லை. எல்லாம் அவள் பக்கத்து வலையில் ஒட்டியிருந்தன.