இடது பக்க நாற்காலி

யூனியன் ஆட்கள் உள்ளே நுழைந்தபோது, இடது ஓர நாற்காலியில் யாரோ பையை வைத்திருந்தார்கள்.

யூனியன் சார்பில் பேச வந்த கேப்டன் பையை எடுத்து அடுத்த நாற்காலிக்குத் தள்ளிவிட்டு, சுவரை ஒட்டிய அந்த இடத்திலேயே உட்கார்ந்தார். நான்கு நாள் பேச்சுவார்த்தையிலும் அதுதான் அவர் இடம்.

விமானத்தில் கேப்டன் உட்காருவது இடது பக்கம், கோ-பைலட் வலது பக்கம். அந்தப் பழக்கம் தரைக்கு வந்தும் அவரை விடவில்லை என்று எல்லோரும் கிண்டல் செய்வார்கள். கட்டிலிலும் இடது பக்கம்தான் வேண்டும் என்று அடம்பிடிக்கிறார் என அவர் மனைவியே ஒரு கல்யாண வீட்டில் போட்டுக் கொடுத்திருக்கிறாள்.

அறையில் பெரிய கண்ணாடி ஜன்னல் இருந்தது. திறக்க முடியாத ஜன்னல். வெளியே ஓடுபாதையில் ஒரு சின்ன விமானம் சத்தமில்லாமல் ஏறிப் போனது.

அந்தச் சின்ன விமானங்களைத்தான் கம்பெனி மொத்தமாகத் தலைமுழுகப் போகிறது. பெரிய ஜெட்டுகள் வருகின்றன. சின்ன விமானம் ஓட்டும் நாற்பத்தொரு பேருக்கும் ஜெட்டில் பயிற்சி தர வேண்டும், ஒருவரைக்கூட வீட்டுக்கு அனுப்பக் கூடாது. யூனியன் இதில் மட்டும் பிடிவாதமாக நின்றது. சம்பள உயர்வு கூட அப்புறம்தான்.

ஐம்பதைத் தாண்டியவர்களுக்குப் பயிற்சி கொடுப்பது வீண் என்பது நிர்வாகத்தின் கட்சி.

கேப்டனுக்கு ஐம்பத்து நாலு. விமானம் ஓட்டுவதைத் தவிர வேறு வேலை தெரியாது. தெரிந்துகொள்ள ஆசைப்பட்டதும் இல்லை.

எதிரே உட்கார்ந்திருந்த இயக்குநரின் முகத்தில் இன்று சண்டைக் களையே காணோம்.

"எல்லாரையும் எடுத்துக்கறோம். நாற்பத்தொரு பேரையும்."

யூனியன் பொருளாளர் மீசைக்காரர் மேஜையை ஓங்கித் தட்டினார். கேப்டனுக்கு வலது பக்கம் இருந்த கோ-பைலட், கைக்குழந்தைக்காரி, பட்டியலில் முப்பத்தெட்டாவது பெயர், இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டாள். ஆறு வருடமாக அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பறக்கிறவள். இந்த நான்கு நாளும் அவள் சரியாகச் சாப்பிடவில்லை என்பது அவருக்குத் தெரியும்.

ஜெயித்துவிட்டோம் என்று கேப்டன் நினைத்தார்.

"பயிற்சிக்கு முன்னாடி எல்லாருக்கும் புதுசா ஒரு மெடிக்கல். கம்பெனி டாக்டர் கிடையாது, வெளி ஆஸ்பத்திரி. இதுவும் நீங்க கேட்டதுதான்" என்று இயக்குநர் ஒரு பழைய கடிதத்தை மேஜைமேல் நகர்த்தினார்.

கேப்டனின் கடிதம்தான். நான்கு வருடத்துக்கு முன், வேலைநிறுத்தம் முடிந்த கையோடு எழுதியது. போராட்டத்தில் முன்னால் நின்றவர்களுக்கு மட்டும் அப்போதைய கம்பெனி டாக்டர் தேடித் தேடி ரத்தக் கொதிப்பு கண்டுபிடித்தார். அந்தக் கோபத்தில் கேப்டன் இரண்டு நாள் உட்கார்ந்து வரிவரியாகச் செதுக்கினார். பரிசோதனை வெளியில் நடக்க வேண்டும். எல்லாவற்றையும் கருவியை வைத்தே பார்க்க வேண்டும். யாருடைய தயவுக்கும் தாட்சண்யத்துக்கும் இடமிருக்கக் கூடாது.

அந்த டாக்டர் போய்விட்டார். இப்போது இருப்பவர் தங்கமான மனிதர். எதிரில் உட்கார வைத்து, நாடி பிடித்து, நாலு வார்த்தை பேசி, கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுவார்.

ஒப்பந்தத்தில் கடிதத்தை ஒரு எழுத்துகூட மாற்றாமல் சேர்த்திருந்தார்கள்.

"இந்த ஒரு பாராவை மட்டும் எடுத்துட்டா என்ன?" என்றார் கேப்டன்.

அறை ஒரு கணம் அவரையே பார்த்தது. மீசைக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். "கேப்டன், அது நீங்க பெத்த பிள்ளை!"

கேப்டனும் சிரித்து வைத்தார். வேறு என்ன செய்ய? பாராவை வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பார்கள். அதைச் சொன்னால் இன்றைக்கே லைசென்ஸ் போகும். சொல்லாமல் முரண்டு பிடித்தால் மற்ற நாற்பது பேரின் பிழைப்பில் மண் விழும். கையெழுத்துப் போட்டால் நாற்பது பேர் ஜெட் ஏறுவார்கள். அந்த ஆஸ்பத்திரிக்குள் போகும் நாற்பத்தொன்றாவது ஆள் இனி எந்த விமானத்திலும் பயணியாகத்தான் ஏறுவார். அந்த அறையில் இது தெரிந்தவர் அவர் ஒருவர்தான். மனைவிக்குக்கூடத் தெரியாது.

கோ-பைலட் அவர் பக்கம் சாய்ந்தாள். "போடுங்க சார். வெளியில எல்லாரும் காத்துக்கிட்டு நிக்கிறாங்க."

போட்டார்.

எல்லோரும் எழுந்து கைதட்டினார்கள். கேப்டன் மட்டும் உட்கார்ந்தே இருந்தார். அவருக்கு அந்தக் கண்ணாடிக் கூண்டு ஞாபகம் வந்தது.

மூன்று வருடத்துக்கு முன், தெரிந்தவர் யாரும் இல்லாத ஊரில் ஒரு ஆஸ்பத்திரி. பாத்திரக் கடைக்காரர் என்று எழுதிக் கொடுத்திருந்தார். ஒரு பெண் அவரைக் கூண்டுக்குள் உட்கார வைத்து, ஹெட்போன் மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தாள். சத்தம் கேட்டால் அழுத்த வேண்டும். முதலில் வலது காது. சின்னச் சின்னச் சத்தத்துக்கெல்லாம் டக் டக்கென்று அழுத்தினார். நல்ல மார்க் வாங்கும் மாணவனின் குஷி வந்துவிட்டது.

அடுத்து இடது காது என்று அவள் சைகை காட்டினாள்.

கட்டைவிரலைப் பொத்தான்மேல் வைத்துக்கொண்டு, ஆரம்பிக்கட்டும் என்று கேப்டன் காத்திருந்தார்.

வெகுநேரம் கழித்துக் கூண்டின் கதவைத் திறந்தாள்.

"முடிஞ்சுது சார். வெளியே வாங்க."