மூணடி இடைவெளி

கடகடவென்ற சத்தத்தோடு கரும்பு அறுவடை மிஷின் வந்து வரப்போரம் நின்றது. மலைமேல் இருக்கும் வாழவந்தி நாட்டுக்கு அது முதன்முறையாக வருகிறது. ஆனால் வயல்காரன் பூபதியிடம் டிரைவர் கையை விரித்தார்.

"மூணடிக்கு ஒரு வரிசை நட்டிருக்கீங்க. மிஷின் நுழைய அஞ்சடி வேணுமுங்க."

இந்த வாரம் வெட்டாவிட்டால் கரும்பு காய்ந்து எடை குறைந்துவிடும். தான் வெளியூர் வேலைக்குப் போயிருந்த வருஷம் நடவைப் பார்த்துக்கொண்ட மனைவி கலைமணியிடம் பூபதி பாய்ந்தான்.

"அஞ்சடின்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே, காதுல வாங்குனியா?"

"நல்லாவே வாங்குனேங்க. வேணும்னுதான் மூணடியில நட்டேன். நம்மூரு வெட்டாளுங்களுக்குச் சொல்லியாச்சு, வந்துட்டிருக்காங்க."

"மிஷின் இருக்கறப்ப அவங்க எதுக்கு?"

"கொண்டை ஊசி வளைவுல மண் சரிஞ்சு ரோடு அடைச்ச அன்னிக்கு, நிறைமாசமா இருந்த என்னைத் தோள்ல சுமந்து ஆஸ்பத்திரி சேர்த்தது மிஷினுங்களா?"